ஒரு விரக்கடை வெளியே

கண்ணை மூடிக்கிட்டே பேசுதேன்னு தப்பா எடுத்துக்கிடாதீங்க தம்பி. சொட்டு மருந்து விட்டிருக்கு. ரெண்டு தடவை விட்டாச்சு, இன்னும் கண்ணுப் பாப்பா விரியலையாம், மூணாவது தடவையும் விடணும்னு நர்ஸ் சொல்லிட்டுப் போயிருக்கு. நீங்க அம்மாவைக் கூட்டிட்டு வந்தீங்களாக்கும்? நல்லது. எனக்குத் துணைக்கு ஆள் இல்லை. மகன் சென்னையில இருக்கான், லீவு கிடைக்கலைன்னுட்டான். ஆவுடையம்மா இருந்தா வந்திருப்பா. என் வீட்டுக்காரி. அவ போயி மூணு வருஷம் ஆச்சு.

உள்ள ஒரு டாக்டர் பொண்ணு இருக்குல்லா, அது எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டுது. "தாத்தா, சின்ன வயசுல உங்களுக்குப் பந்து விளையாட வருமா?"ன்னு. கண்ணுல புரை அறுக்க வந்த எழுபத்தாறு வயசுக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா அது? வேற யார்கிட்டயாவது கேட்டா சரி. எங்கிட்ட கேக்கலாமா? அம்பது வருஷமா பந்துங்கிற பேச்சை யாரு எடுத்தாலும் நான் எந்திரிச்சுப் போயிருவேன். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், பாவம். "வராதும்மா"ன்னு மட்டும் சொன்னேன். உள்ளதுதான். எனக்கு வராது.

பூப்பந்து ஆடிப் பாத்திருக்கீங்களா? இப்போ யாரு ஆடுதா. மஞ்சக் கம்பளிப் பந்து, எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிசு. இந்தப் பக்கம் அஞ்சு பேரு, அந்தப் பக்கம் அஞ்சு பேரு, நடுவுல வலை. அப்போ எங்க ஊருல ரெண்டு நூல் மில்லு. மேல மில்லு, கீழ மில்லும்பாங்க. ரெண்டுக்கும் டீம் உண்டு. நான் மேல மில்லுல டைம் ஆபீஸ் கிளார்க். ஷிப்டுக்கு யாரு வந்தாங்க, யாரு வரலைன்னு கார்டு பாக்குற வேலை. ஆடணும்னு எனக்கும் ஆசைதான். பந்து கிட்ட வந்துட்டுன்னு மட்டையை வீசுவேன், அது இன்னும் அந்தால நிக்கும். வரலைன்னு சும்மா நிப்பேன், மூக்குல வந்து விழும். எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க. சரி, நமக்கு இது ஒத்து வராதுன்னு கோட்டு நடுவரா உக்காந்துட்டேன்.

கோட்டு நடுவருன்னா பெரிய உத்தியோகம் ஒண்ணும் இல்லை. பந்து கோட்டுக்கு வெளிய விழுந்தா சிவப்புக் கொடியைத் தூக்கணும், உள்ள விழுந்தா சும்மா இருக்கணும். கோட்டு மேல விழுந்தா அதுவும் உள்ளதான். கோடுன்னா சுண்ணாம்புத் தூள் போட்ட கோடு. நான் அந்தக் கோட்டோட முனையில, நூல் பிடிச்ச மாதிரி நேரா நாற்காலியைப் போட்டு உக்காருவேன். அப்படி உக்காந்தா ஒரு தூசி தப்பாது. சொந்த மில்லு, அடுத்த மில்லுன்னு பாக்க மாட்டேன். பூதலிங்கம் கொடியைத் தூக்கிட்டான்னா தூக்கினதுதான்னு கீழ மில்லுக்காரனே சொல்லுவான். அந்தப் பேருக்காகத்தான் தம்பி நான் ஞாயித்துக்கிழமை தவறாமப் போயி வெயில்ல காஞ்சேன்.

எங்க டீம்ல ஏசடியான்னு ஒரு பையன். பையன்னா என்னை விட ரெண்டு வயசு கம்மி. கிழக்க, தேரிக்காட்டுப் பக்கத்து ஊரு. மில்லுல அவன் பதிலி. பதிலின்னா நிரந்தரம் இல்லை, எவனாவது லீவு போட்டா அந்த இடத்துக்கு நிக்கணும். தினமும் காலையில டிபன் வாளியோட என் ஜன்னல் முன்னால வந்து நிப்பான். ஆள் வேணும்னா உள்ள விடுவேன், இல்லைன்னா திரும்பிப் போவான். நாலு வருஷம் அப்படிப் போனான், வந்தான். மொகம் சுளிச்சு நான் பாத்ததில்லை.

மரியாதை தெரிஞ்ச பய. கேன்டீன்ல பக்கத்துல உக்காந்தா, நான் ஜக்கைத் தூக்கின உடனே அவன் டம்ளரைத் தூக்கிக் கொண்டாந்து ஜக்கு வாயில முட்டிப் பிடிப்பான். எனக்குத் தண்ணி ஊத்தினாக் கொஞ்சம் வெளிய சிந்தும், ஆவுடையம்மா அதுக்குத் தினமும் கத்துவா, "டம்ளருக்கு ஊத்துதீங்களா தரைக்கு ஊத்துதீங்களா"ன்னு. அவன் ஒரு நாளும் அப்படிக் கேலி பண்ணினதில்லை. டம்ளரைப் பிடிச்சுக்கிடுவான், அவ்வளவுதான்.

அவன்கிட்டதான் நான் மெடிக்கல் கதையைச் சொன்னேன். வேலையில சேரும்போது மில்லு டாக்டர் கண்ணு பாப்பாரு. செவுத்துல எழுத்து மாட்டியிருக்கும். எனக்கு இடது கண்ணு கொஞ்சம் மங்கல், எப்பவுமே அப்படித்தான். வலது கண்ணால வாசிக்கும்போதே எழுத்தை எல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். இடது கண்ணுக்கு அதையே ஒப்பிச்சிட்டேன். அந்த ஆளு தலையை நிமுத்தாமக் கையெழுத்துப் போட்டாரு. இதை நான் கேன்டீன்ல சொல்லிச் சிரிச்சப்போ அவனும் சிரிச்சான். "யாருகிட்டயும் சொல்லாதீங்க அண்ணாச்சி, தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்க"ன்னான். நான் வேற யாருகிட்டயும் சொல்லல. இந்தா, இப்போ உங்ககிட்ட சொல்லுதேன்.

சரி, அந்த சாம்பியன்ஷிப்புக்கு வாரேன். எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். மில்லுகளுக்குள்ள கோப்பை வச்சு ரெண்டாவது வருஷம் அது. முத வருஷம் கீழ மில்லு அடிச்சிட்டுப் போயிட்டான். எங்க மானேஜருக்கு அது தாங்கல. டீமைக் கூப்பிட்டு, இந்த வருஷம் கோப்பை வந்தா டீம்ல இருக்கிற பதிலி ஆளை நிரந்தரம் பண்ணுதேன்னு சொல்லிட்டாரு. டீம்ல பதிலி ஒரே ஒரு ஆளுதான், ஏசடியான். அவனுக்குப் பொண்ணு பேசி வச்சு ஒன்றரை வருஷமா நிக்குது. நிரந்தரம் ஆனாத்தான் கல்யாணம்னு பொண்ணோட அப்பா கறாரா சொல்லிட்டாரு. அவன் மட்டையை எடுத்தா அதுதான் நெனப்பு.

இறுதி ஆட்டம் அப்போ மூணு ஞாயித்துக்கிழமை நடக்கும். மூணுல ரெண்டு ஜெயிக்கணும். முத வாரம் நாங்க. ரெண்டாவது வாரம் அவங்க, ரெண்டே ரெண்டு புள்ளி வித்தியாசம். அப்பவே பேச ஆரம்பிச்சிட்டாங்க. மூணாவது வாரமும் டிக்கெட் விக்கணும்னு ரெண்டு மில்லும் பேசி வச்சு ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டாங்கன்னு. டீக்கடை, சலூன், எங்க போனாலும் இதே பேச்சு. சுத்தமா ஆடின ஆட்டம் தம்பி, நான் கோட்டுல உக்காந்து பாத்தவன். ஆனா சனங்களுக்கு ஒருத்தனாவது திருடனா இருக்கணும், இல்லைன்னா ஆட்டம் ருசிக்காது.

மூணாவது ஞாயித்துக்கிழமை போறேன், என் முனையில பந்தல் போட்டிருக்கான். கோப்பை வைக்க மேஜை, பெரிய மனுஷங்க உக்கார சோபா. என் நாற்காலியைத் தூக்கிப் பக்கவாட்டுல ஆறேழு அடி தள்ளிப் போட்டிருந்தாங்க. பின் கோட்டை நேரா பாக்க முடியாது, குறுக்கத்தான் பாக்கணும். இங்க இருந்து சரியாத் தெரியாதேன்னு சொல்லத்தான் போனேன். பெரிய நடுவர், "பூதலிங்கத்துக்கு எங்க போட்டா என்ன, அவன் கண்ணு கழுகுக் கண்ணுல்லா"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் கொஞ்சம் பெருமையாப் போச்சு. உக்காந்துட்டேன்.

ஆளுக்கு ஒரு செட் எடுத்தாச்சு. மூணாவது செட், இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. இருபத்தொம்பது எடுத்தவனுக்குக் கோப்பை. பந்து அஞ்சாறு தடவை அங்கயும் இங்கயும் போச்சு. ஏசடியான் எம்பி ஒரு அடி அடிச்சான். பந்து போயி பின் கோட்டுகிட்ட விழுந்துச்சு. நான் பாத்தேன். கோட்டுக்கு வெளிய, ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம்தான். இப்பவும் கண்ணை மூடினா அப்படியே தெரியுது. கொடியைத் தூக்கினேன்.

சொந்த மில்லுக்கு எதிரா தம்பி. அதை நெனச்சுப் பாருங்க. தூக்காம இருந்தா கோப்பை எங்களுக்கு. எவன் கேக்கப் போறான்? ஆனாலும் தூக்கினேன்.

ஏசடியான் ஓடிப்போயி பந்தை எடுத்துக்கிட்டு வந்தான். "அண்ணாச்சி, இங்க பாருங்க, சுண்ணாம்பு ஒட்டியிருக்கு"ன்னு காட்டினான். மஞ்சக் கம்பளியில வெள்ளையா ஒரு தீத்தல், இருந்துச்சு, இல்லைங்கல. உருண்டு போறப்போ ஒட்டியிருக்கும்ன்னேன். "வெள்ளை பறந்ததைப் பாக்கலியா அண்ணாச்சி?"ன்னான். பாக்கலைன்னேன். என் மொகத்தையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் பந்தைப் பெரிய நடுவர் கையில குடுத்துட்டுப் போயி உக்காந்துட்டான்.

மறுநாள் காலையில இருந்து பிடிச்சுது சனி. பூதலிங்கத்தைக் கீழ மில்லு விலைக்கு வாங்கிட்டான்னு. ஹெட் கிளார்க் வேலை தாரேன்னு சொல்லியிருக்கானாம், சைக்கிள் வாங்கிக் குடுத்துட்டானாம். என் பழைய சைக்கிளுக்கு அந்த மாசம்தான் பெயின்ட் அடிச்சிருந்தேன், என் நேரத்தைப் பாருங்க. கேன்டீன்ல நான் உக்காந்தா எந்திரிச்சுப் போவாங்க. கார்டை என் கையில குடுக்க மாட்டாங்க, ஜன்னல்ல எறிஞ்சிட்டுப் போவாங்க. ஆவுடையம்மா கல்யாணம் ஆகி வந்து எட்டு மாசம். குழாயடியில எவளோ ஒருத்தி கேட்டிருக்கா, "உன் புருசன் வித்த காசுல வளையல் போட்டாச்சா"ன்னு. வெறுங்குடத்தோட வந்தா. அழுதா. எனக்குச் செத்துரலாம் போல இருந்துச்சு. பொய் சொல்லல, ஒரு வாய் டீ கூட எவன்கிட்டயும் வாங்கிக் குடிக்கல. எதுக்கு இந்தப் பழி?

ஒரு வாரம் பொறுத்தேன். அடுத்த திங்கக்கிழமை, முத ஷிப்டு விடுற நேரம், மில்லு வாசல் பிள்ளையார் கோயில் முன்னால போயி நின்னேன். சுடலைமுத்து மேஸ்திரிதான் இந்தப் பேச்சுக்கெல்லாம் தலை. அவரைக் கூப்பிட்டேன். "சூடத்தை ஏத்துங்க"ன்னேன். கட்டைச் சூடம் கொழுந்து விட்டு எரியுது, ஐந்நூறு பேரு சுத்தி நிக்காங்க. "நான் எவன்கிட்டயும் கை நீட்டல. பந்து கோட்டுக்கு வெளிய விழுந்ததை என் ரெண்டு கண்ணால பாத்தேன். இது சத்தியம்"னு உள்ளங்கையால அடிச்சு அணைச்சேன். இந்தா பாருங்க, வடு. தெரியுதா? கொப்புளம் ஆற இருபது நாள் ஆச்சு.

அத்தோட பேச்சு நின்னுபோச்சு. சூடத்தை அணைச்ச பிறகு எங்க ஊருல ஒருத்தன் பேச மாட்டான். சுடலைமுத்தே வந்து தோள்ல கை போட்டாரு. அன்னைக்கு ராத்திரி ஆவுடையம்மா பருப்புப் பாயசம் வச்சா. நல்லாத்தான் இருந்துச்சு தம்பி, பொய் சொல்லக் கூடாது.

ஆனா பாருங்க, பேச்சு நிக்கல. ஆள்தான் மாறிச்சு, ஏசடியான் பக்கம் திரும்பிச்சு. பூதலிங்கம் சத்தியம் பண்ணிட்டான், அப்போ பந்து வெளியதான் விழுந்திருக்கு. அவ்வளவு கெட்டிக்கார ஆட்டக்காரன் கடைசிப் பந்தை எப்படி வெளிய அடிப்பான்? வேணும்னேதான் அடிச்சிருக்கான். அடிச்சதும் இல்லாம, உள்ள விழுந்துச்சுன்னு நடிச்சிருக்கான். இப்படிப் போச்சு. கோப்பை வந்தா நிரந்தரம் ஆகப்போறவன், கல்யாணத்துக்குக் காத்துக் கிடக்குறவன், எதுக்கு ஆட்டத்தை விப்பான்? ஒருத்தனும் யோசிக்கல. நானும் யோசிக்கல. என் மேல இருந்து இறங்கிச்சே, அதுவே எனக்குப் போதும்னு இருந்துச்சு.

அவனையும் சூடத்தை அணைக்கச் சொன்னாங்க. அதே கோயில் முன்னால, அதே மேஸ்திரி. அவன் வேதக்காரன், கிறிஸ்தவன். "எங்களுக்குச் சத்தியம் பண்றது ஆகாது மேஸ்திரி. உங்க சாமின்னு இல்லை, எங்க கோயில் முன்னாலயும் பண்ண மாட்டேன். உள்ளதைச் சொல்லுதேன், கேட்டுக்கோங்க. நான் விக்கல. பந்து கோட்டுல விழுந்துச்சு"ன்னான். எத்தனையோ பேரு சொல்லிப் பாத்தாங்க. நானும்தான் சொன்னேன், "ஏலே, ஒரு சூடம்தானே, அணைச்சிட்டுப் போயேன், பிழைப்பு முக்கியமில்லையா"ன்னு. என்னை நிமுந்து பாத்தான். என்னமோ சொல்ல வாரவன் மாதிரி வாயைத் திறந்தான். அப்புறம், "வேண்டாம் அண்ணாச்சி"ன்னுட்டான்.

சத்தியம் பண்ண மாட்டேங்கான்னா குத்தவாளிதானேன்னு முடிவு கட்டிட்டாங்க. அவன் வந்து நின்னா, அவனோட ஷிப்டு பாக்க மாட்டோம்னு ஆளுக சொன்னாங்க. மானேஜரும் பதிலிப் பட்டியல்ல இருந்து பேரை எடுக்கச் சொல்லிட்டாரு. கார்டைக் கிழிச்சது நான்தான், அது என் வேலை. ரெண்டு நாள் விவரம் தெரியாம ஜன்னல் முன்னால டிபன் வாளியோட வந்து நின்னான். மூணாவது நாள் வரல. அந்தப் பொண்ணை வேற இடத்துல கட்டிக் குடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்.

சங்கடமாத்தான் இருந்துச்சு. இல்லாம இருக்குமா? ஆனா நான் என்ன செய்ய முடியும்? அவன் அடிச்சான், நான் பாத்தேன், பாத்ததைச் சொன்னேன். அம்பது வருஷமா இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டுப் படுக்கேன்.

பன்னெண்டு வருஷம் கழிச்சு ஒரு தடவை அவனைப் பாத்தேன். தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல. உப்பளத்துல வேலைன்னான். கையும் காலும் வெடிச்சுக் கிடக்கு, தலை பாதி நரைச்சுப்போச்சு. பாக்காத மாதிரிப் போயிரலாம்னுதான் நெனச்சேன், அவனே வந்து "அண்ணாச்சி"ன்னான். ஓட்டல்ல உக்காந்து ஆளுக்கு ரெண்டு புரோட்டா சாப்பிட்டோம். மில்லுல ஒவ்வொருத்தரையா விசாரிச்சான். அப்புறம் அவனாத்தான் சொன்னான். "நீங்க பொய் சொல்லலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி"ன்னு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டானே. வீட்டுக்கு வந்து ஆவுடையம்மாகிட்ட சொன்னேன், அவனே ஒத்துக்கிட்டான்னு. அவ தண்ணியை மட்டும் ஊத்தி வச்சிட்டுப் போனா.

இதைத்தான் தம்பி, இந்த டாக்டர் பொண்ணு இன்னைக்குக் கிளறி விட்டுட்டு. பந்து வராதுன்னு சொன்னேன்லா. உடனே தண்ணி ஊத்தினா வெளிய சிந்துமான்னு கேட்டுது. சிந்தும்ன்னேன். ஒரு பேனாவை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு, மூடியை எங்கிட்ட குடுத்து, "இதை மாட்டுங்க தாத்தா"ன்னுது. மாட்டினேன். காத்துல போச்சு. திரும்பவும் மாட்டினேன். பேனாவுக்கு இந்தப் பக்கம் போச்சு. மூணாவது தடவையும் அப்படித்தான். பேனா அங்க இருக்கு, கண்ணுக்கு நல்லாத் தெரியுது, கை போற இடத்துல அது இல்லை.

"உங்க இடது கண்ணு பொறந்ததுல இருந்தே வேலை செய்யல தாத்தா. ஒத்தக் கண்ணாலதான் இத்தனை காலமும் பாத்திருக்கீங்க. ஒத்தக் கண்ணுக்குக் கிட்ட எது, தள்ளி எதுன்னு சரியாத் தெரியாது. நேர்கோட்டுல பாத்தாப் பரவாயில்லை, குறுக்க பாத்தா தூரம் ஏமாத்தும்"னுது. எவ்வளவு ஏமாத்தும்னு கேட்டேன். அதெல்லாம் அளந்து சொல்ல முடியாதுன்னுது. ஒரு விரக்கடை ஏமாத்துமான்னு கேட்டேன். "தாராளமா"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுது.

தாராளமா.

ரெண்டு கண்ணால பாத்தேன்னு சூடத்தை அணைச்சேனே தம்பி. பொய்யின்னு தெரிஞ்சு அணைச்சவன் கூட என்னைக்காவது ஒரு நாள் ஒத்துக்கிடுவான். நான் நிசம்னு நம்பில்லா அணைச்சேன். அம்பது வருஷமா இந்த வடுவைத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு இருந்தேன், பத்திரம் மாதிரி.

இங்க உக்காந்து, மருந்து எரிய எரிய, ஒண்ணுதான் ஓடிக்கிட்டு இருக்கு. அந்தத் தூத்துக்குடி ஓட்டல்ல, புரோட்டா வர முன்னால, நான் ஜக்கைத் தூக்கினேன். அவன் டம்ளரைத் தூக்கிக் கொண்டாந்து ஜக்கு வாயில முட்டிப் பிடிச்சான். பன்னெண்டு வருஷம் கழிச்சு, அந்த வெடிச்ச கையால. மரியாதைன்னுதான் அப்பவும் நெனச்சேன். உங்ககிட்ட இப்போ கூட அப்படித்தானே சொன்னேன்.

மரியாதை இல்லை தம்பி. அவனுக்குத் தெரியும். எனக்குத் தூரம் தெரியாதுங்கிறது கேன்டீன்லயே அவனுக்குத் தெரியும். மெடிக்கல்ல ஏமாத்தினதும் தெரியும், நான்தானே வாயால சொன்னேன். அந்த மில்லு வாசல்ல, "அண்ணாச்சிக்கு ஒரு கண்ணு தெரியாது, டாக்டரை ஏமாத்தித்தான் வேலைக்கு வந்தாரு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா போதும். அவனுக்கு வேலை இருந்திருக்கும், எனக்குப் போயிருக்கும். ஆவுடையம்மா அப்போ உண்டாகியிருந்தா. அதுவும் அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தான்னு சொன்னேன்லா, அதைச் சொல்லத்தான் திறந்திருக்கான். திறந்துட்டு, வேண்டாம் அண்ணாச்சின்னு மூடிக்கிட்டான்.

இருக்கானோ இல்லையோ தெரியல. இந்தக் கண்ணு ஆறின உடனே தூத்துக்குடிக்கு ஒரு பஸ் ஏறணும். போயி என்ன சொல்லன்னு தெரியல.

கூப்பிடுதாங்களா? பூதலிங்கமா? ஆமாம்மா, நான்தான், இந்தா வாரேன். தம்பி, கொஞ்சம் கையைக் குடுங்க. முன்னால ஒரு படி இருந்துச்சே, அது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு நீங்க சொல்லுங்க. நான் பாத்துச் சொன்னாச் சரியா இருக்காது.